மரமுந்திரிகைத் தோட்டத்தின் பருவ வேலைகள்

வயலை நாடோறும் பார்வையிடும் கமக்காரர், கஜு எனப்படும் மரமுந்திரிகையைக் கொட்டை விழுங்காலத்தில் மட்டுமே நினைக்கின்றனர். வறட்சியைத் தாங்கும் மரமாதலின் பராமரிப்பு வேண்டியதில்லையென்பது அவர் எண்ணம். பல மரங்கள் பட்டுப்போவது இவ்வெண்ணத்தினாலேயாம்.

புத்தளம், மன்னார், மட்டக்களப்புப் பகுதிகளில் மாரிமழை ஓய்ந்தபின் இம்மரம் பூக்கும். புதுத்தளிரின் நுனியிலேயே பூங்கொத்து உண்டாகும். ஆகவே மழைக்காலத்திற் கிளை வெட்டுபவர் வரவிருக்கும் விளைவையே வெட்டுகின்றார். பட்ட கொப்புகளையும் ஒன்றையொன்று மறைக்குங் கிளைகளையும் அறுவடை முடிந்த ஆனி, ஆடியில் நீக்குதல் நன்று.

அப்பொழுதே அடிமரத்தையும் குனிந்து பார்த்தல் வேண்டும். பிசின் வடிந்து, மரத்தூள் போன்ற கழிவு காணப்படின், தண்டு துளைக்கும் வண்டின் புழு உள்ளே உள்ளது. அது பட்டையின் உட்புறத்தைத் தின்று சாறோட்டத்தைத் தடுக்கும். தொடக்கத்திற் கண்டால், பட்டையை உளியாற் செதுக்கிப் புழுவை எடுத்துக் கொல்லலாம். இலைகள் மஞ்சளித்தபின் மரம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வேரோடு அகற்றி எரித்தல் வேண்டும். விறகுக்கென அடுக்கி வைப்போர் அடுத்த மரத்திற்கும் வண்டை வளர்க்கின்றனர்.

ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும், அடிமரத்தை ஒட்டாது வட்டமாகப் பசளையிடுக. தளிர்க்காலத்தில், தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி சாறுறிஞ்சித் தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்யும். இதனைத் தளிரிலேயே கவனித்தல் வேண்டும். பூ விரிந்தபின் மருந்து தெளித்தால் தேனீக்களும் மடியும்.

கொட்டையை மரத்திற் பறித்தலாகாது. தானே விழுந்தவற்றை அன்றாடம் பொறுக்கி, பழத்தை நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துக. ஈரக்கொட்டை சாக்கினுள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.