178 அடி

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. போயிங் 777 ரகம். உள்ளே 211 பயணிகள், 18 பணியாளர்கள். முதலில் லேசான அதிர்வு. யாரும் இயக்காமலேயே விமானம் முந்நூறு அடிக்கு மேல் எழும்பியது. சீட் பெல்ட் விளக்கு எரிகிறது என்று விமானி அறைக்குள் ஒரு குரல். அதற்குப் பின் கிடைத்தவை எட்டே நொடிகள். அடுத்த 0.6 நொடிக்குள், உடலை இருக்கையில் அழுத்திவைத்திருந்த விசை தலைகீழாகத் திரும்பியது. பெல்ட் போடாதிருந்தவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டார்கள். நான்கு நொடிக்குள் அவ்விசை மறுபடி திரும்பி அவர்களைக் கீழே அறைந்தது. ஒருவர் உயிரிழந்தார், பலர் படுகாயமடைந்தனர். விமானம் பாங்காக்கில் இறங்கியது.

ஆறாயிரம் அடி விழுந்ததாக அன்று செய்தி பரவியது. அது விமானிகள் பிற்பாடு நிதானமாக இறக்கிய உயரம். அந்த 4.6 நொடியில் விமானம் இறங்கியது 178 அடிதான் என்று சிங்கப்பூர் அரசின் விசாரணைக் குழு தெரிவித்தது.

இருநூறு டன்னுக்கும் அதிகமான இரும்புப் பறவையை ஆட்டிவைத்தது எது? வெறும் காற்று. தரையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அந்த உயரத்திலோ ஏறத்தாழ 350 கிராம். அவ்வளவு மெல்லிய காற்றுதான் விமானத்தைத் தாங்கவும் செய்கிறது, உலுக்கவும் செய்கிறது.

அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் படைப்பின் பேரழகு விளங்கும். மே மாதக் கடைசி, மியான்மரைத் தென்மேற்குப் பருவக்காற்று தொடும் காலம். வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் வெயில் நீரை ஆவியாக்குகிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் வெயிலிடம் வாங்கிய வெப்பத்தைத் தனக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு மேலே போகிறது. குளிர்ந்து மீண்டும் துளியாகும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு லிட்டர் கொடுக்கும் வெப்பத்தில் ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். ஒரு மேகத்துக்குள்ளோ கோடிக்கணக்கான லிட்டர்! அந்த வெப்பத்தில் காற்று லேசாகி, உலை கொதிக்கும்போது நீர் பொங்குவதுபோல மேலே பாய்கிறது. அதன் பக்கத்திலேயே குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நுழையும் விமானம் குலுங்காமல் என்ன செய்யும்? அன்று அந்த விமானமும் இப்படி வளர்ந்துகொண்டிருந்த மேகங்களின் மேலே பறந்திருக்கக்கூடும் என்கிறது விசாரணைக் குழு.

இந்த மேகக் கோபுரத்தின் உச்சி பெரும்பாலும் பனித்துகள்களால் ஆனது. விமானத்தின் ரேடார் மழைத்துளியை நன்றாகக் காணும். காய்ந்த பனித்துகளை அவ்வளவாகக் காணாது. வளரும் மேகமோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி உயரக்கூடியது. அதனால்தான் தேர்ந்த விமானிகளுக்கும் சில நேரம் நொடிகளே மிஞ்சுகின்றன.

ஆனால் இந்த எழுச்சி இல்லாவிட்டால் மழை ஏது? கடல் நீர் உப்பை விட்டுப் பிரிந்து, மலைக்கும் வயலுக்கும் ஏறி வருவது இதே வலிமையால்தான். ஐராவதியின் வெள்ளமும், அதன் கழிமுகத்தில் விளையும் நெல்லும் இந்த மேகங்களின் கொடை. விமானத்தைத் தூக்கி எறிந்த விசையும் கோடானுகோடி வயிறுகளுக்குச் சோறு போடும் விசையும் ஒன்றே. ஒரு சொட்டு நீருக்குள் இத்தனை ஆற்றலை அடக்கி, அதை வேண்டிய உயரத்தில் அவிழ்க்கவும் வழி செய்த படைத்தவனின் திறனை என்னவென்று புகழ்வது!

அவன் கட்டிய வானத்தில் நாம் விருந்தாளிகளாகப் போய்வருகிறோம். விளக்கு அணைந்திருந்தாலும், இருக்கையில் இருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டை அவிழ்க்காதிருப்போம். அந்தப் பெருவலிமைக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அது. அவன் தந்த உயிருக்கும்தான்.