பார்வையற்றோர்க்கும் எட்டும் ஊராட்சி அறிவிப்பு

பட்டா, சிட்டா நகல் பெறுவதற்கும், உழவர் உதவித்தொகைக்குப் பதிவு செய்வதற்கும், கிராம சபை கூடும் நாளை அறிவதற்கும் இந்நாளில் இணையதளமும் கைபேசியுமே வாயில்களாகி வருகின்றன. அவ்வாயில் பார்வையற்றவர்க்கும் கையிழந்தவர்க்கும் அடைத்துக் கிடக்குமாயின், அவர்க்குரிய பணமும் உரிமையும் உள்ளேயே தங்கிவிடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். ஆதலின் இதனை நகரத்தார் செய்தியென ஒதுக்குதல் தகாது.

பார்வையற்ற ஒருவர் கைபேசியை எவ்வாறு கையாளுகிறார் என்பதை முதலில் அறிதல் நலம். திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. ஆண்டிராய்டு கைபேசிகளில் அதற்கு 'டாக்பேக்' என்று பெயர்; கணிப்பொறிக்கு 'என்விடிஏ' என்பது இலவசமாகவே கிடைக்கிறது. விரல் தொட்ட இடத்தில் உள்ளதை அது சொல்லும். இருமுறை தட்டினால் அக்கட்டளை நிறைவேறும். தமிழையும் படிக்கும். ஆனால் அது செவ்வனே படிப்பது எழுத்தை, படத்தையன்று. கிராம சபை அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, அதனைப் புகைப்படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கம் பரவியுள்ளது. காண்பவர்க்கு அது அறிவிப்பு. கேட்பவர்க்கோ பெரும்பாலும் 'படம்' என்னும் ஒரு சொல் மட்டுமே. நாள், இடம், பொருள் ஆகியவற்றைப் படத்தின் கீழே எழுத்திலும் தட்டெழுதி அனுப்பினால் போதும். ஒரு காசும் செலவில்லை.

அவ்வெழுத்து யூனிகோடு முறையில் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், உள்ளே ஆங்கிலக் குறிகளாகவே இருப்பதால், கருவி அதனைப் பொருளற்ற ஒலியாகப் படிக்கும். தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவை விட மனமில்லாதோர் இன்னும் உளர்!

ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில் உழவர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க, கைபேசிக்கு வரும் இரகசிய எண், கைரேகை, முகப்பதிவு என மூன்று வழிகள் உள்ளன. ஒன்று இயலாதவர்க்கு மற்றொன்று உதவும். ஒரே வழியை வைத்தால் நேர்வது யாது? அமிலத் தாக்குதலால் முகமும் கண்களும் சிதைந்தோரைக் கருவி கண் இமைக்கச் சொன்னமையால், அவர்கள் வங்கிக் கணக்குத் தொடங்க இயலாமல் உச்ச நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. மின்னணுச் சேவைகளை அடைதல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 30-4-2025 அன்று தீர்ப்பாயிற்று. 20 கட்டளைகளும் பிறந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42ஆம் பிரிவும் அரசுக்கு இக்கடமையை விதிக்கிறது.

ஊராட்சிக்கு இணையதளம் அமைத்துத் தர எவரேனும் முன்வந்தால், சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒரு படிவத்தை இறுதிவரை நிரப்பிக் காட்டுமாறு கேளுங்கள். பின்னர் உள்ளூரிலுள்ள பார்வையற்றவர் ஒருவரை அழைத்து, அதே படிவத்தை அவர் துணையின்றி நிரப்ப இயலுகிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பது அதன் பின்னர் ஆகட்டும்.