‘டேக் ஆஃப்’ பல வேஷம்

ரேணிகுண்டாவில் விமானம் மேலெழுவதும் ‘டேக் ஆஃப்’, திருமலையில் செருப்பைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’. விடுப்பு எடுப்பதும் அதுவே. இந்த ஆங்கிலத் தொடருக்கு மனப்பாடமே கதி என்பார்கள். 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, இப்படிச் சிறுசொல் ஒட்டிப் பொருள் மாறும் வினைகள் அயல்நாட்டாருக்குப் பெருஞ்சிக்கல் என்று முன்னுரையில் எழுதினார். ஆனாலும் ‘ஆஃப்’ என்றால் ஒட்டியிருந்தது விலகுவது என்று பிடித்துக்கொண்டால், தரையைவிட்டு விமானம், காலைவிட்டுச் செருப்பு, வேலையைவிட்டு ஆள் என மூன்றும் விளங்கிவிடும். ஒருவரைப்போல் நடித்துக் கேலிசெய்வது என்ற பொருள் மட்டும் இதற்குள் அடங்காது. அதை நெட்டுருப் போடத்தான் வேண்டும். தமிழும் தெலுங்கும் புழங்கும் சித்தூர்க்காரருக்கு, ஒட்டிய சொல் தன் நேர்ப்பொருளை இழப்பது அந்நியமும் அல்ல. தமிழில் ‘சொல்லிவிட்டான்’ என்பதில் யாரும் எதையும் விடுவதில்லை. அதே பொருள்தரும் தெலுங்கின் ‘செப்பேசாடு’க்குள் ஒளிந்திருப்பதோ ‘போடு’ என்று பொருள்படும் வினை.