கூடைக்குள் கூடை: செரோக்கி முடைச்சல் எப்படி?

விருந்துச் சமையலில் அடுப்படி வேலை கொஞ்சம்தான். சாமான் சேர்ப்பதும் அரிவதும்தான் நாளை விழுங்கும். அமெரிக்காவில், வட கரோலினாவின் மலைப்பகுதியிலுள்ள குவாலாவில் செரோக்கி மக்கள் செய்யும் கூடையும் அப்படித்தான். முடைவது கடைசி வேலை.

முதலில் சாமான். இவர்களுக்குச் சந்தை ஆற்றங்கரை. அங்கே வளரும் ரிவர்கேன், வட அமெரிக்க மண்ணுக்கே உரிய மூங்கில். முற்றிய, நேரான கழிகளாகப் பொறுக்கி வெட்டுகிறார்கள். இளங்கழி உதவாது.

அடுத்து அரிவது. கழியை நான்காகப் பிளந்து, பளபளப்பான மேல்தோலை உரிக்கிறார்கள். அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சோற்றைக் கத்தியால் சுரண்டுகிறார்கள். இப்படிக் கிடைக்கும் பிளாச்சு எங்காவது தடித்திருந்தால், மடக்கும்போது அங்கேதான் ஒடியும். ஆகவே தடிமனும் அகலமும் கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும்.

பிறகு அடுப்பு. பானையில் கறுப்பு வால்நட்டின் வேரைப் போட்டு, பிளாச்சுகளை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் பழுப்பு ஏறும். பட்டர்நட் போட்டால் கருப்பு. பிளட்ரூட் கிழங்கு போட்டால் ஆரஞ்சு.

இப்போதுதான் முடைச்சல். ஒரு பிளாச்சு இரண்டின் மேலேறி, அடுத்த இரண்டின் கீழே நுழையும். அடுத்த வரிசை ஓர் இடம் தள்ளித் தொடங்கும். அதனால் சாய்கோடு விழும். மேலே கீழே போகும் கணக்கை மாற்றினால் கோடு திரும்பி, சாய்சதுரமாக மூடும். இந்தக் கணக்கெல்லாம் முடைபவரின் மனதில்தான் இருக்கிறது.

இதில் கடினமானது இரட்டை முடைச்சல். உள்கூடையின் அடியில் தொடங்கி, சுவரை மேலே எழுப்பி, விளிம்பில் பிளாச்சுகளை வெளிப்பக்கம் மடக்கி, அப்படியே கீழிறங்கி, வெளிக்கூடையின் அடியில் முடிக்கிறார்கள். உள்சுவரில் உள்நோக்கி இருந்த பளபளப்பு, மடங்கியதும் வெளிநோக்கித் திரும்பிவிடும். ஆகவே உள்ளே பார்த்தாலும் வெளியே பார்த்தாலும் மினுமினுப்புதான்.

இந்த வித்தை ஒரு காலத்தில் அருகிப்போனது. 1720-களில் தென் கரோலினா ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நிக்கல்சன் வழியாக இங்கிலாந்து போன ஓர் இரட்டை முடைச்சல் கூடை, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1937-இல் செரோக்கி பள்ளியில் கூடை முடையக் கற்பிக்கத் தொடங்கிய லாட்டி ஸ்டாம்பர், அந்தக் கூடையின் படத்தைப் பார்த்தே வழியைக் கண்டுபிடித்து, மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் கை தெரிந்தால் போதாது, சாமானும் வேண்டுமே! உழவுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அழிந்ததுபோக, பழைய ரிவர்கேன் காடுகளில் சுமார் 2 சதவீதமே மிச்சம் என்பது பரவலான மதிப்பீடு. அதனால்தான் வெள்ளை ஓக் மரத்திலும் ஹனிசக்கிள் கொடியிலும் முடைகிறார்கள். கூடவே ஆற்றங்கரைகளில் ரிவர்கேனை மறுபடி நட்டும் காத்தும் வருகிறார்கள்.