யாருடைய ஏவுகணை?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த கல்லூரி மாணவன், "மாமா, பிரிட்டன் தன் அணு ஏவுகணையைத் தானே செய்கிறதா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தானே செய்யத்தான் முயன்றது. 'புளூ ஸ்ட்ரீக்' என்ற ஏவுகணையை 1960ல் கைவிட்டது. பிறகு நம்பியிருந்த அமெரிக்காவின் 'ஸ்கைபோல்ட்' திட்டத்தை, அமெரிக்காவே 1962ல் ரத்து செய்தது. அந்த டிசம்பரில் பஹாமாஸின் நாசோ நகரில் கென்னடியும் பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனும் கூடிப் பேசினார்கள். 1963 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 'போலாரிஸ்' ஏவுகணையை அமெரிக்கா விற்கும். நீர்மூழ்கிக் கப்பலையும் அணுகுண்டையும் பிரிட்டன் செய்துகொள்ளும். 1982ல் இதே ஏற்பாட்டை 'டிரைடன்ட்-2' ஏவுகணைக்கும் நீட்டித்தார்கள். அதன் எடை சுமார் 59 டன். என் காலத்தில் ஒரு பாக்ஸ்-என் வேகனில் ஏற்றிய நிலக்கரியும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

வேகனைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரயில்வேயில் பயணிகள் பெட்டி எங்கே போனாலும் தன் சொந்த டிப்போவுக்குத் திரும்பியாக வேண்டும். சரக்கு வேகன் அப்படியல்ல, அது 'பூல்'. தெற்கு ரயில்வே எழுத்தோடு அஸ்ஸாமில் நிற்கும். கணக்கில் எண்ணிக்கைதான் முக்கியம், இன்ன வேகன் என்பதல்ல. டிரைடன்ட்டும் அப்படியே. பிரிட்டனுக்கு 58 ஏவுகணைகளுக்கு உரிமை உண்டு. ஆனால் 'இது என்னுடையது' என்று ஒன்றைத் தொட்டுக் காட்ட முடியாது. பிரிட்டிஷ் கப்பல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கிங்ஸ் பே தளத்துக்குப் போய், இரு நாட்டுக்கும் பொதுவான கையிருப்பிலிருந்து ஏற்றி வருகிறது. குண்டைப் பொருத்துவது ஸ்காட்லாந்தின் கூல்போர்ட்டில். ஏவ உத்தரவிடும் அதிகாரம் தன் பிரதமருக்கு மட்டுமே என்கிறது பிரிட்டிஷ் அரசு.

போலாரிஸ் காலத்தில் ஏவுகணைகளைக் கூல்போர்ட்டிலேயே பிரித்துச் சோதித்துப் பராமரித்தார்கள். டிரைடன்ட் வந்தபோது, செலவு மிச்சம் என்று அந்த வேலையைக் கிங்ஸ் பேக்கு விட்டுவிட்டார்கள். மிச்சம் உண்மைதான். என்னைக் கேட்டால், ஏவுகணையை வாங்கியதைவிட இதுதான் பெரிய விட்டுக்கொடுப்பு.

ரோலர் பேரிங் வந்ததும் எங்கள் பணிமனையில் ஒயிட் மெட்டல் பேரிங் வார்ப்பதை நிறுத்தினோம். ஆறு வருஷம் கழித்துப் பழைய வேகன் ஒன்றுக்குத் தேவைப்பட்டது. வார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஓய்வு பெற்ற மேஸ்திரியை அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தோம்.