கருவியில் கோளாறா, இடத்தில் கோளாறா?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘ஒலி’ பாடம் நடத்தும்போது எதிரொலி, மீயொலி, சோனார் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது என் வழக்கம். 2d = vt என்று கரும்பலகையில் எழுதுவேன். இரண்டு கணக்குப் போட்டால் பாடம் முடிந்தது. அந்தச் சூத்திரம் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அல்ல, ஒரு மீன்பிடிப் படகில். அதற்குள் என் மாணவி ஒருத்தியிடம் ஒரு தவறையும் செய்திருந்தேன்.

ஓசூர்ப் பகுதிப் பள்ளிகளின் சூழல் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்றோரில் பலர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் அளவுகோல், மைக்ரோமீட்டர் பற்றிய பேச்சு சாதாரணம். அப்படிப்பட்ட பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து, பள்ளியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றைச் செய்தார்கள். ஓர் ஆர்டுயினோ பலகையும் 40,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சிறிய மீயொலி உணரியும்தான் அதில் இருந்தவை. தொட்டியின் மூடியில் உணரியைக் கீழ்நோக்கிப் பொருத்தினார்கள். ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் நீர்மட்டம் தெரியும்.

வகுப்பில் வாளியை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தொட்டியில் பொருத்தி மோட்டாரைப் போட்டதும் எண்கள் தாவத் தொடங்கின. 90 செ.மீ. காட்டியது, அடுத்த நொடி 20 என்றது, பிறகு 85. இணைப்புகளைக் கொடுத்த மாணவியிடம், “உன் ஒயரிங் தப்பும்மா, கழற்றி மறுபடியும் போடு” என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். அவள் மூன்று முறை கழற்றிப் போட்டாள். மாற்றமில்லை. புதிய உணரி ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே கதை. ஆண்டுத் தேர்வு நெருங்கியதால் கருவி அலமாரிக்குப் போனது. அந்தப் பெண் அதன் பிறகு செய்முறை வகுப்பில் கைதூக்கவில்லை.

தம்பியின் படகு

நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவன். வேலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, தம்பி தன் ஃபைபர் படகுக்கு வாங்கிய ஆழம்காட்டும் கருவியை டப்பாவில் போட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்பத் தயாராக இருந்தான்.

“மிஷின் சரியில்லண்ணே. படகு நின்னா ஆழம் காட்டுது. ஓட ஆரம்பிச்சா திரை வெறுமையாப் போயிடுது” என்றான்.

எங்கள் அப்பா காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, கையை விரித்துப் ‘பாகம்’ கணக்கில் ஆழம் சொல்வார்கள். இப்போது அந்த வேலையைப் படகின் அடியில் பொருத்தும் ஒலி உணரி செய்கிறது. அதனுள் இருக்கும் பீசோமின் பொருளுக்கு மின்துடிப்பைக் கொடுத்தால் அது அதிர்ந்து மீயொலியை எழுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி அதே பொருளை அதிரவைத்து மின்துடிப்பாக மாறும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். எதிரொலி 0.02 நொடியில் திரும்பினால் ஒலி 30 மீட்டர் பயணம் செய்திருக்கிறது. ஆழம் 15 மீட்டர்.

பக்கத்துப் படகுப் பெரியவர் ஒருவர் வந்து கருவியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, “மிஷின் மேல பழி போடாதே தம்பி. அதை எங்க வச்சேன்னு பாரு” என்றார்.

பேட்டரி இடப்பக்கம் இருந்ததால் வயர் எட்டும் தூரத்தில், இன்ஜினை ஒட்டியே தம்பி உணரியைப் பொருத்தியிருந்தான். கோளாறு அங்கேதான் இருந்தது.

காற்றுக் குமிழி என்னும் சுவர்

நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பிவிடும். எனவே உணரியின் முகத்துக்குக் கீழே காற்றுக் குமிழிகள் ஓடினால் அவை ஒரு திரைபோல் ஒலியைச் சிதறடித்துவிடும். ஒலி தரையை எட்டாது. எட்டினாலும் எதிரொலி திரும்பி வந்து சேராது. நிற்கும் படகுக்கு அடியில் குமிழி இல்லை, ஓடும் படகுக்கு அடியில் உண்டு. நின்றால் சரி, ஓடினால் தவறு என்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்த முறை இது.

முதலில், விசிறியிலிருந்து விலகல். பின்புற இன்ஜின் உள்ள படகில் உணரி விசிறியிலிருந்து குறைந்தது 15 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். விசிறியின் இதழ்கள் கீழ்நோக்கி இறங்கும் பக்கமே நல்லது. பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால் அது வலப்பக்கம். தம்பி வைத்திருந்ததோ இதழ்கள் மேலேறி நீரைக் கலக்கும் இடப்பக்கம்.

அடுத்தது, தெளிந்த நீரோட்டம். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேடுகள், ஆணித் தலைகள், நீர் உறிஞ்சும் துளைகள் எல்லாம் தமக்குப் பின்னால் குமிழியைக் கிளப்பும். அவற்றின் நேர்பின்னால் உணரி இருக்கக் கூடாது. படகை ஓடவிட்டு, பின்புறமாகப் பார்த்தால் நீர் எங்கே கண்ணாடிபோல் வழுக்கி வெளியேறுகிறது என்று தெரியும். அதுதான் இடம்.

மூன்றாவது, உயரமும் சாய்வும். உணரியின் முகம் படகின் அடிப்பரப்புக்குச் சற்றே கீழே, எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். படகு வேகமெடுக்கும்போது முன்பகுதியான அணியம் உயரும். அப்போது உணரியும் சாயும். ஓடும் வேகத்தில் முகம் நேர்கீழே பார்க்கும்படி கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக, துளை போடுவதற்கு முன் சோதனை. ஒரு பலகையில் உணரியைக் கட்டித் தற்காலிகமாக இறுக்கி, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது இடத்தில் திரை தெளிந்தது. அதன் பிறகே திருகாணி போட்டோம். தம்பி அவசரத்தில் முன்பே போட்ட இரண்டு துளைகளை நீர் புகாதபடி அடைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. கருவி காட்டுவது உணரியின் முகத்திலிருந்து உள்ள ஆழத்தை. முகம் நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருந்தால், மொத்த ஆழத்துக்கு அந்த 30 செ.மீ.யைக் கூட்ட வேண்டும். நாம் வெர்னியர் பாடத்தில் சொல்லும் சுழிப்பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நம் ஊர் அணைக்கு வருவோம்

இது கடலுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி என்று நம் மாணவர்களுக்குத் தெரியும். மதகோரம் உள்ள அளவுகோல் நீர்மட்டத்தைச் சொல்லும். அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று சொல்லாது. அதே 52 அடியில் ஆண்டுக்காண்டு கொள்ளளவு குறையக்கூடும். அதை அறிய, படகில் எதிரொலிக் கருவியைப் பொருத்தி நீர்த்தேக்கம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி ஆழம் அளப்பார்கள். நம் மாநிலத்தில் பூண்டியில் உள்ள நீர்வளத்துறையின் ஆய்வு நிறுவனம் இத்தகைய கொள்ளளவு ஆய்வுகளைச் செய்கிறது. அளவைப் படகுகளில் உணரியைப் பெரும்பாலும் இன்ஜினிலிருந்து விலக்கி, படகின் பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் செங்குத்தாகக் கட்டுவார்கள். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வாங்கியை அதன் நேர்மேலே வைப்பார்கள். இல்லாவிட்டால் ஓரிடத்தின் ஆழம் இன்னோர் இடத்தின் பெயரில் பதிவாகிவிடும். வேலை தொடங்கும் முன் ஓர் உலோகத் தட்டைத் தெரிந்த ஆழத்தில் இறக்கி, கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

மீண்டும் தொட்டிக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அதே மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். படகுக் கதையைச் சொன்னேன். குமிழி என்றதும் ஒருவன், “கெலவரப்பள்ளி டேம் நுரை மாதிரியா சார்?” என்று கேட்டான். தென்பெண்ணையில் கழிவு கலந்து வெள்ளை மலையாகப் பொங்கும் நுரையைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. “அதேதான், நுரை என்பது காற்று” என்றேன்.

பிறகு அலமாரியிலிருந்து கருவியை எடுத்து, “இது எப்போது சரியாகக் காட்டியது, எப்போது தவறியது?” என்று மட்டும் கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒயரிங் தப்பு என்று நான் சொன்ன அந்தப் பெண்தான் எழுந்தாள். “மோட்டார் ஓடும்போது மட்டும் தப்பு சார். தண்ணி விழுற பைப் பக்கத்துலதான் சென்சார் இருக்கு. விழுற தண்ணியிலயே சத்தம் பட்டுத் திரும்புது.”

மூடியின் மறுபக்கத்தில், குழாயிலிருந்தும் தொட்டிச் சுவரிலிருந்தும் விலக்கிப் பொருத்தினோம். மோட்டார் ஓடியது. எண்கள் சீராக இறங்கின. “உன் ஒயரிங் சரியாகத்தான் இருந்தது. நான்தான் பார்க்காமல் சொல்லிவிட்டேன்” என்று அதே வகுப்பின் முன்னால் அவளிடம் சொன்னேன். கருவி கெட்டிருந்தால் எப்போதும் கெட்டிருக்கும். சில நேரம் மட்டும் தவறினால் சூழலைப் பார்க்க வேண்டும். இதை நான் அவளைக் குறை சொல்வதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு மூன்று செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளுக்கு: ஓர் ஒளிபுகா வாளியில் கற்களை அடுக்கிக் கலங்கிய நீர் ஊற்றுங்கள். மேலே நூலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குச்சியை இறக்கி ஆழத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். எண்களுக்கு வண்ணம் தீட்டினால் தரையின் வரைபடம் கிடைக்கும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: ஒரு கண்ணாடிக் குவளையில் சாதாரண நீர், இன்னொன்றில் அப்போதுதான் ஊற்றிய சோடா. இரண்டையும் கரண்டியால் தட்டுங்கள். சோடாக் குவளையின் ஒலி மந்தமாக இருக்கும். குமிழி அடங்க அடங்கத் தெளியும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: மீயொலி உணரியைச் சுவருக்கு நேராக 1 மீட்டரில் வைத்து அளவெடுங்கள். பிறகு 10, 20, 30 பாகை சாய்த்தும், சுவரில் பஞ்சுத் துணியைத் தொங்கவிட்டும் அளந்து அட்டவணையிடுங்கள். எப்போது எண் தவறத் தொடங்குகிறது என்று மாணவர்களே சொல்லட்டும்.

ஓர் எச்சரிக்கை. இவற்றை வாளி, தொட்டி அளவில் மட்டும் செய்யுங்கள். நம் மாவட்டத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள் பல உள்ளன. ஒளிவிலகலால் நீரின் ஆழம் உண்மையில் உள்ளதில் முக்கால் பங்குபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியை அந்தப் பாடத்தன்றே, அந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

– பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), கிருஷ்ணகிரி மாவட்டம்