சாக்கடைப் புல்லும் கறவை மாடும்

மரக்காணம் உப்பளங்களை அடுத்த கரைமணல் நிலங்களில் தீவனப்புல் பயிரிடுவோர்க்கு எரு, நன்னீர் இரண்டும் அருமையே. கழிவுநீர் லாரி இனாமாகத் தரும் சரக்கை விட்டால் புல் கருகருவென்று வளரும் என்பது மெய்தான். அப்புல்லைத் தின்னும் மாட்டின் உடலில் சேருவது யாது என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

இது புதிய வழக்கமன்று. மதுரையை அடுத்த அவனியாபுரத்திலும், ஐதராபாத் மூசி நதிக்கரையிலும் நகரக் கழிவுநீரால் புல் விளைவித்துக் கறவைகளுக்கு இட்டதுண்டு. பெருநகரக் கழிவிலோ, முலாம் பூசும் பட்டறை, மின்கலப் பட்டறை முதலியவற்றின் நீரும் கலந்து, ஈயமும் காட்மியமும் வரக்கூடும்.

ஈயம் வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆயினும், தரையொட்டி மேயும் மாடு புல்லுடன் மண்ணையும் விழுங்குகிறது. புல் குறுகிய கோடையில் அதன் தீனியில் பத்திலொரு பங்கும் மண்ணாயிருத்தல் கூடும். காட்மியம் இலைவரை ஏறும். மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கி ஆண்டுதோறும் பெருகும். பாலில் சொற்பமே இறங்கும். ஆதலின், பாலை மட்டும் சோதித்து மாடு சுத்தமென்று நிச்சயிக்கலாகாது.

நம் கரைக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. உவர்நீரிலுள்ள குளோரைடு காட்மியத்துடன் கூடி, அதனை மண்ணின் பிடியினின்று விடுவித்து, வேருக்கு எளிதில் கிட்டச் செய்கிறது. களியும் மக்கும் குறைந்த மணலில் அதனைப் பிடித்துவைப்பாரும் இல்லை. கரிசலில் பொறுக்கத்தக்க அளவு, உவர்க்கிணற்றுப் பாசன மணலில் பொறுக்கத்தகாததாகலாம்.

பட்டறைகளில்லாத கிராமத்துக் கழிவில் உலோக பயம் குறைவு. புழு பயமே பெரிது. மனிதக் குடலிலுள்ள நாடாப்புழுவின் முட்டை புல்லில் பல வாரம் உயிரோடிருக்கும். மாடு அதனைத் தின்றால், புழு தசையில் சிறு பைகளாகத் தங்கி, அரைவேக்காட்டு இறைச்சி வழியே மனிதனிடமே திரும்பும். ஆரோவில்லில் செய்வதுபோல் தொட்டியில் தெளியவிட்டு, செடி நட்ட சரளைப் படுகையில் வடித்த நீர் எவ்வளவோ மேல். முட்டைகளில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும்.

2014ஆம் ஆண்டின் தமிழக அரசு வழிகாட்டு நெறிகளின்படி, லாரிக் கழிவு சேரவேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையமே. கிராம அதிகாரிகள் இரவில் வரும் லாரிகளை விசாரித்தல் நலம். சுத்திகரித்த நீரையும் முதலில் சவுக்குத் தோப்புக்கு விடுக. விறகை எவரும் தின்பதில்லை, ஆடு புகாமல் வேலி மட்டும் வேண்டும். அமெரிக்காவில், கிருமி முற்றும் நீங்காத கழிவுச்சேறு இட்ட நிலத்தில் 30 நாள் மாடு மேய்க்கலாகாதென்பது விதி. முன்னமே பன்முறை கழிவு விட்ட வயலாயின், மேய்ச்சலை நிறுத்தி மேல்மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புக. ஈயமும் காட்மியமும் பார்க்கவேண்டுமென்று எழுதியே கொடுக்கவேண்டும். வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துச் சோதனையில் அவை வாரா.